1862 லண்டன், ஒரு விவாகரத்து வழக்கு: நாவல் எங்கே கோட்டை விட்டது?

தாள்புரட்டி

வாசிப்பு வட்டம் ஒன்றில் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு வரலாற்று நாவலைப் பற்றிக் கேட்க வேண்டும். இன்னும் அச்சாகவில்லை; அதனால் நாவலின் பெயரையும் எழுதியவரையும் விட்டுவிடுகிறேன். தட்டச்சில் 400 பக்கம். களம் 1862 லண்டன்.

கதை இதுதான். கப்பல் வணிகர் ஒருவரின் மனைவிக்கும் ஒரு ராணுவ அதிகாரிக்கும் உறவு ஏற்படுகிறது. அவளுடைய உயிர்த்தோழி, பெண்களை அச்சுக்கோக்க வைத்து அச்சகம் நடத்துகிறவள். விஷயம் கணவனுக்குத் தெரிந்து வழக்கு போடுகிறான். மனைவி நகைகளை விற்று வக்கீல் பிடிக்கிறாள். சாட்சிக்கூண்டில் ஏறி இருபது பக்கத்துக்குத் தன் கல்யாண வாழ்க்கையைப் பிட்டுப்பிட்டு வைக்கிறாள். கணவனுக்கும் ஒரு தொடுப்பு உண்டு என்பது அம்பலமாகிறது. அதைக் காரணம் காட்டி விவாகரத்து அவள் பக்கமே தீர்ப்பாகிறது. அடுத்த வாரமே அதிகாரியைக் கல்யாணம் செய்துகொண்டு, இரண்டு பெண் குழந்தைகளோடு கப்பல் ஏறுகிறாள். தோழி துறைமுகத்தில் நின்று கையசைக்கிறாள்.

மொழி நன்றாக இருக்கிறது. மூடுபனி, எரிவாயு விளக்கு, கூடுவைத்த பாவாடை எல்லாம் அளவாக வருகின்றன. ஆனாலும் கடைசிப் பக்கம் முடித்ததும் ஒன்றும் ஒட்டவில்லை. கோர்ட் காட்சிதான் உச்சம் என்று எழுதப்பட்டிருக்கிறது, எனக்கோ அங்கேதான் கதை செத்துப்போனது போலிருந்தது. அந்தக் காட்சி நடைமுறையில் சரிதானா? தோழி ஏன் இவ்வளவு வெளிறிப்போய்த் தெரிகிறாள்? இதே மாதிரி உண்மை வழக்கு ஏதாவது உண்டா?

கறுப்பங்கி

உறுத்தியது சரியான இடத்தில்தான். 1862-ல் அந்த மனைவி சாட்சிக்கூண்டில் ஏறவே முடியாது.

1851 சாட்சியச் சட்டம், சிவில் வழக்குகளில் வாதியும் பிரதிவாதியும் தாங்களே சாட்சி சொல்லலாம் என்று அனுமதித்தது. ஆனால் கள்ள உறவைக் காரணமாகக் கொண்டு தொடுக்கப்படும் வழக்குகளை அதிலிருந்து விலக்கிவைத்தது. அந்த விலக்கு 1869 வரை இருந்தது. ஆக, கணவன் போட்ட இப்படிப்பட்ட வழக்கில் கணவனும் வாய் திறக்க முடியாது, மனைவியும் திறக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து, தங்கள் படுக்கையறையைப் பற்றி வேலைக்காரிகளும் வண்டிக்காரர்களும் விடுதி ஆட்களும் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான். 1859-ல் ஒரு சின்னச் சலுகை வந்தது: மனைவியே மனுதாரராக வந்து, கள்ள உறவோடு கொடுமையோ கைவிடுதலோ சேர்த்துக் குற்றம் சாட்டினால், அந்தக் கொடுமை அல்லது கைவிடுதல் பற்றி மட்டும் இருவரும் பேசலாம். உங்கள் நாவலுக்கு அது பொருந்தாது.

அடுத்தது, தீர்ப்பு. 1857 மணவழக்குச் சட்டம் 1858 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி கணவன் மனைவியின் கள்ள உறவை மட்டும் நிரூபித்தால் போதும். மனைவிக்கு அது போதாது. கணவனின் கள்ள உறவோடு இரட்டைத் திருமணம், நெருங்கிய ரத்த உறவோடு தொடர்பு, வன்புணர்ச்சி, கொடுமை, இரண்டு வருடம் கைவிட்டுப்போதல் போன்ற ஏதாவது ஒன்று சேர வேண்டும். வணிகருக்கு வெறும் 'தொடுப்பு' இருந்தால் அவளுக்கு விவாகரத்து கிடையாது. அதிகபட்சம் நீதிமன்றப் பிரிவு. மறுமணம் செய்ய முடியாத பிரிவு.

இன்னொன்றும் இருக்கிறது, இதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். கணவன் போட்ட வழக்கிலேயே எதிர்மனுதாரரான மனைவிக்குச் சாதகமாக விவாகரத்து வழங்கும் அதிகாரம் கோர்ட்டுக்கு 1866-ல்தான் வந்தது. 1862-ல் அவள் ஜெயித்தால் என்ன கிடைக்கும்? கணவனின் மனு தள்ளுபடியாகும். அதாவது அவள் அவனுக்கே மனைவியாகத் தொடர்வாள்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள், நாவலாசிரியர் கைநழுவவிட்ட கதை இங்கேதான் இருக்கிறது. கணவனும் யோக்கியன் இல்லை என்று நிரூபித்தால், விவாகரத்தை மறுக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. மனுதாரரே தவறு செய்திருந்தாலோ, கொடுமை செய்திருந்தாலோ, காரணமில்லாமல் வழக்கைத் தாமதித்திருந்தாலோ மறுக்கலாம். ஆகவே அந்த மனைவி எவ்வளவு நன்றாகத் தன்னைக் காத்துக்கொள்கிறாளோ, அவ்வளவு இறுக்கமாக வேண்டாத கணவனோடு கட்டப்படுகிறாள். அதிகாரியைக் கைப்பிடிக்க ஆசை என்றால், சும்மா இருந்து தோற்பதுதான் ஒரே வழி. அப்படித் தோற்றால் பெயர் போகும், குழந்தைகள் போவார்கள். சும்மா இருப்பதிலும் ஆபத்து உண்டு: இருவரும் பேசிவைத்துக்கொண்டு நாடகம் ஆடுகிறார்கள் என்று சந்தேகம் வந்தால் மனு தள்ளுபடி. 1860-ல் குயின்ஸ் ப்ராக்டர் என்ற அரசு வழக்கறிஞருக்கு இதைத் தோண்டும் அதிகாரமும் கொடுக்கப்பட்டது. அதே வருடம்தான் தீர்ப்பை இரண்டு கட்டமாக்கினார்கள்: முதலில் டிக்ரீ நைசை என்ற நிபந்தனைத் தீர்ப்பு, மூன்று மாதமாவது கழித்து இறுதித் தீர்ப்பு. 1866-ல் அது ஆறு மாதமாயிற்று. 'அடுத்த வாரம் கல்யாணம்' நடந்திருந்தால் அது இரட்டைத் திருமணக் குற்றம்.

குழந்தைகள்: 1839 சட்டம் தாய்க்கு ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கேட்டு மனுப்போடும் உரிமை தந்தது, கள்ள உறவு நிரூபிக்கப்பட்ட தாய்க்கு மட்டும் தரவில்லை. 1857-க்குப் பிறகு விவாகரத்துக் கோர்ட்டே பிள்ளைகள் யாரிடம் என்று உத்தரவிடலாம் என்றாலும், குற்றம் நிரூபணமான தாயின் பக்கம் அது சாய்வது நடக்காத காரியம்.

நகை விற்ற காட்சிக்கு வருகிறேன். நம் ஊர் ஸ்ரீதனத்தை மனதில் வைத்து எழுதியிருக்கிறார் போல. அந்தக் கால ஆங்கிலச் சட்டத்தில் கல்யாணமான பெண்ணின் அசையும் சொத்து கணவனுடையது. கல்யாண ஒப்பந்தத்தில் தனிச்சொத்தாக எழுதி அறங்காவலர்களிடம் வைத்திருந்தால்தான் விலக்கு. அவள் விற்றது சட்டப்படி அவனுடைய நகை. வேடிக்கை என்னவென்றால், விற்கவே தேவையில்லை. கையில் காசில்லாத மனைவியின் வக்கீல் செலவுக்குக் கணவன்தான் பிணை கட்ட வேண்டும். தன்னை எதிர்க்கும் வக்கீலுக்குத் தானே பணம் கட்டும் கணவன்! எழுதுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஈயஎழுத்து

தோழி ஏன் வெளிறினாள் என்பதற்கும் மேலே சொன்னதிலேயே விடை இருக்கிறது. கணவனும் மனைவியும் பேசக்கூடாத கோர்ட்டில், வீட்டுக்குள் இருந்து பார்த்த மூன்றாவது ஆள்தான் எல்லாம். தோழியின் நாக்கில்தான் வழக்கு நிற்கும். மனைவியையே பேசவைத்ததும் தோழிக்குக் கதையில் வேலை இல்லாமல் போய்விட்டது. அதனால்தான் கடைசியில் கையசைக்கிறாள்.

உண்மை வழக்கு கேட்டீர்கள். 1864, காட்ரிங்டன் வழக்கு. கணவர் ஹென்றி காட்ரிங்டன் கடற்படை வைஸ் அட்மிரல், மால்டா கப்பல்தளத்துக்குப் பொறுப்பாளராக இருந்து திரும்பியவர். மனைவி ஹெலன். கோ-ரெஸ்பாண்டென்ட், அதாவது கள்ளக் காதலர் என்று வழக்கில் சேர்க்கப்பட்டவர், கர்னல் ஆண்டர்சன். தோழி எமிலி ஃபெயித்ஃபுல், 1860-ல் லண்டன் கிரேட் கோரம் தெருவில் விக்டோரியா அச்சகத்தைத் தொடங்கியவர். 1850-களில் காட்ரிங்டன் வீட்டிலேயே சில வருடம் தங்கியிருந்தார். உங்கள் நாவலாசிரியர் இந்த வழக்கைக் கேள்விப்பட்டிருக்க வேண்டும். அச்சகத் தோழி சும்மா வந்திருக்க மாட்டாள்.

ஹெலன் தரப்பு என்ன செய்தது என்று பாருங்கள். அட்மிரல் மீதே எதிர்க்குற்றம் சாட்டியது: 1856-ல் ஓர் இரவு, ஹெலனும் எமிலியும் படுத்திருந்த அறைக்குள் வந்து எமிலியைப் பலாத்காரம் செய்ய முயன்றார் என்று. கறுப்பங்கி சொன்ன கணக்குப்படி இது கச்சிதமான காய்நகர்த்தல்: மனுதாரரின் கையையும் கறைப்படுத்தினால் மனு விழலாம். ஹெலனால் இதைக் கூண்டில் ஏறிச் சொல்ல முடியாது, அட்மிரலால் மறுக்கவும் முடியாது. சொல்லக்கூடிய ஒரே ஆள் எமிலி. அவர் ஒரு பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டிருந்தார். வழக்கு ஜூலையில் எடுக்கப்பட்டபோது ஆளைக் காணவில்லை, தள்ளிவைக்கப்பட்டது. நவம்பரில் கூண்டேறினார். ஏறி, தான் கையெழுத்திட்ட குற்றச்சாட்டையே கைவிட்டார். வழக்கு அட்மிரல் பக்கம் முடிந்தது.

அட்மிரல் தரப்பும் சும்மா இல்லை. எமிலியை ஏன் வீட்டைவிட்டு அனுப்பினேன் என்று எழுதி, முத்திரையிட்டு, அண்ணன் ஜெனரல் வில்லியம் காட்ரிங்டனிடம் அவர் கொடுத்துவைத்திருந்த ஓர் உறை கோர்ட்டில் காட்டப்பட்டது. பிரிக்கப்படவில்லை. உள்ளே என்ன என்பதை லண்டனே ஊகித்தது. கவிஞர் ராபர்ட் பிரௌனிங்கூடக் கடிதத்தில் அதைப் பற்றி வம்பளந்தார். எமிலி பேச்சை மாற்றியதற்கு அந்த உறைதான் காரணமா, வழக்கறிஞர்களா, பயமா என்று இன்றுவரை விவாதிக்கிறார்கள்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. எமிலியின் தொழில் நல்ல பெயரில் நின்ற தொழில். 1862-ல் அரசிக்கு அச்சிடுபவர், பதிப்பாளர் என்ற பட்டம் கிடைத்திருந்தது. ஆண் அச்சுத் தொழிலாளர் சங்கங்கள் பெண்கள் அச்சுக்கோப்பதை எதிர்த்துக்கொண்டிருந்த நேரம். பெண்ணுரிமைக்காரர்களின் லாங்ஹாம் பிளேஸ் வட்டமும் கண்ணியக் குறைவு என்ற பேச்சுக்கு நடுங்கும் வட்டம்தான். உண்மை சொன்னாலும் பொய் சொன்னாலும் 'பலாத்காரம்' என்ற சொல்லோடு பெயர் பத்திரிகையில் வரும். வழக்குக்குப் பிறகு பழைய தோழிகள் பலர் விலகினார்கள். ஆனாலும் அவர் முடங்கவில்லை. அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணங்கள் செய்தார், 1895-ல் மான்செஸ்டரில் இறந்தார்.

அச்சகக் காட்சிகள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று சொல்லவில்லையே. தோழி மெஷினின் கைப்பிடியை இழுத்துக்கொண்டே இருந்தால் தவறு. விக்டோரியா அச்சகத்தில் பெண்கள் செய்தது அச்சுக்கோக்கும் வேலை. ஃபாரம் (கோத்த எழுத்துகளை அச்சிடுவதற்காகச் சட்டத்துக்குள் இறுக்கிய தொகுதி) தூக்குவது, மெஷின் ஓட்டுவது போன்ற பளுவான வேலைக்கு ஆண்கள் இருந்தார்கள். கோக்கும் கட்டையில் எழுத்துகள் தலைகீழாக, இடமிருந்து வலமாக அடுக்கப்படும். முடுக்கிய ஃபாரத்தைப் பார்த்தால் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போல இருக்கும். பழகிய கண் அதை நேராகவே படிக்கும். கோர்ட் செய்தி வந்த பத்திரிகையைத் தோழி படிக்கும் காட்சி இருந்தால் இது பயன்படும்: தன் பெயரை எத்தனை எழுத்து, எத்தனை இடைவெளிக்கட்டை என்று எண்ணுவது அச்சுக்கோப்பவளின் புத்தி.

வெற்றிலைக்காம்பு

இரண்டு பேரும் சொல்வது தகவலாகச் சரி. ஆனால் சட்டம் தப்பு என்பதால்தான் நாவல் சலித்தது என்பதை ஏற்க முடியவில்லை. இந்தச் சட்டங்கள் எதுவுமே தெரியாத தாள்புரட்டிக்கும் சலித்திருக்கிறதே?

கதைச் சுருக்கத்தைப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது, யாரும் எதையும் இழக்கவில்லை என்பதுதான். மனைவிக்கு காதலனும் கிடைக்கிறான், பிள்ளைகளும் கிடைக்கிறார்கள், மானமும் மீள்கிறது. துரோகம் பற்றிய நாவலில் துரோகம் ஒன்றுதான், அதுவும் முதல் நூறு பக்கத்துக்குள் முடிந்துவிடுகிறது. காட்ரிங்டன் கதையில் எத்தனை என்று எண்ணுங்கள். மனைவி கணவனுக்கு, மனைவி தோழிக்கு (அவள் மானத்தைத் தன் வழக்குக்கு ஆயுதமாக்கினாள்), தோழி மனைவிக்கு, வக்கீல்கள் எல்லாருக்கும். நட்பு முறிவதுதான் அங்கே உண்மையான விவாகரத்து, அதற்குக் கோர்ட்டும் கிடையாது ஜீவனாம்சமும் கிடையாது.

இன்னொரு நோய், இருபது பக்கப் பேச்சு. ஒரு பாத்திரம் தன் மனதை முழுதாக எடுத்துச் சொல்லிவிட்டால் வாசகனுக்கு என்ன மிச்சம்? அதுவும் அந்தப் பேச்சு நம் காலத்துப் பெண்ணியக் கட்டுரை மாதிரி இருந்திருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

தாள்புரட்டி

பந்தயம் நீங்கள்தான் ஜெயித்தீர்கள். 'என் உடல், என் உரிமை' என்ற வரியே வருகிறது.

அந்தப் பேச்சை எழுதியவருக்கு மனைவியின் குரல் கோர்ட்டில் ஒலிக்க வேண்டும் என்பதுதான் ஆசை. கதையை 1870-க்குத் தள்ளினால் சட்டம் இடம் கொடுக்குமா? இல்லை, ஸ்காட்லாந்துக்கு மாற்றலாமா? அங்கே சட்டம் வேறு என்று படித்த நினைவு.

கறுப்பங்கி

வெற்றிலைக்காம்பு சொல்வது நியாயம்தான். ஒரு திருத்தம் மட்டும்: சட்டமும் அந்தச் சலிப்பும் வேறு வேறு இல்லை. யாரும் எதையும் இழக்காத முடிவு வந்ததே, சட்டம் வைத்திருந்த விலைப்பட்டியலை நாவலாசிரியர் பார்க்காததால்தான்.

1870-க்குத் தள்ளினால் பேச்சு பிழைக்கும். 1869 திருத்தத்துக்குப் பிறகு இருவரும் சாட்சி சொல்லலாம். கள்ள உறவு பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லும்படி மட்டும் கட்டாயப்படுத்த முடியாது, தானே அதை மறுத்துச் சாட்சி சொல்லியிருந்தாலொழிய. குறுக்கு விசாரணைக்கு நல்ல இடம் இது. ஆனால் கணவனின் கள்ள உறவு மட்டும் போதாது என்ற விதி 1923 வரை அசையவில்லை. எனவே முடிவு அப்போதும் நிற்காது. அதோடு, தோழியின் பாரமும் குறைந்துவிடும்.

ஸ்காட்லாந்தில் மதச் சீர்திருத்தக் காலத்திலிருந்தே கள்ள உறவுக்காக ஆணும் பெண்ணும் ஒரே அளவுகோலில் விவாகரத்து கேட்கலாம். ஆனால் 1600-ஆம் வருடச் சட்டம் ஒன்று, தீர்ப்பில் பெயர் குறிப்பிடப்பட்ட கள்ளக் காதலரைக் குற்றவாளி மணக்கக்கூடாது என்றது. அதிகாரி அங்கேயும் கிடைக்க மாட்டார். தவிர, விவாகரத்துக்காகவே எல்லை தாண்டிப் போய் வாங்கும் தீர்ப்பை இங்கிலாந்து ஏற்குமா என்பது தனி வழக்கு.

மனைவியின் குரல் வேண்டுமென்றால் 1858-லேயே ஒரு வழி இருக்கிறது. ராபின்சன் வழக்கு. இசபெல்லா ராபின்சனின் நாட்குறிப்பு கணவன் கையில் சிக்கியது. அதில் டாக்டர் எட்வர்ட் லேனோடு நெருங்கியிருந்ததைப் பற்றி எழுதியிருந்தாள். (லேன், மூர் பார்க் என்ற இடத்தில் நீர்ச்சிகிச்சை நிலையம் நடத்தியவர், சார்லஸ் டார்வின் அங்கே சிகிச்சைக்குப் போயிருக்கிறார்.) கோர்ட்டில் அவள் பேச முடியாது, அவளுடைய நாட்குறிப்பு பேசியது, பத்திரிகைகள் அதைப் பத்தி பத்தியாக வெளியிட்டன. சிக்கல் என்னவென்றால், அவள் எழுத்து அவளுக்கு எதிராகச் சாட்சி ஆகலாம், லேனுக்கு எதிராக ஆகாது. அவள் லேனோடு தவறு செய்தாள், ஆனால் லேன் அவளோடு செய்யவில்லை என்ற விசித்திரம் சாத்தியமாயிற்று. எழுதியதெல்லாம் நோயால் வந்த மனப்பிரமை என்பதுதான் அவள் தரப்பு வாதம். 1859-ல் கணவனின் மனு தள்ளுபடி. தன்னைக் காப்பாற்ற ஒரு பெண் தன் எழுத்தையே பைத்தியம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த இருபது பக்கத்தையும் நாட்குறிப்பாக மாற்றி, எதிர்த்தரப்பு வக்கீல் வறண்ட குரலில் அதை வாசிக்க, அவள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக எழுதச் சொல்லுங்கள். நவீன வாசகத்தை மட்டும் நீக்கிவிட வேண்டும்.

ஈயஎழுத்து

பத்திரிகை விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். விவாகரத்துக் கோர்ட் செய்திகளைத் தடுக்க அப்போது வழி இல்லை. விக்டோரியா அரசியே 1859 டிசம்பரில் நீதித்துறைத் தலைவரான லார்ட் சான்சலருக்கு எழுதி, இந்தச் செய்திகள் மோசமான பிரெஞ்சு நாவல்களைவிடக் கேடு, தடுக்க முடியாதா என்று கேட்டார். முடியவில்லை. 1926-ல்தான் கட்டுப்பாடு வந்தது. ஆகவே நாவலில் ஊருக்கு விஷயம் கிசுகிசுவாகப் பரவுவதாக எழுதியிருந்தால் மாற்ற வேண்டும். காலைச் சாப்பாட்டு மேசையிலேயே கேள்வியும் பதிலுமாக எல்லாம் வந்துவிடும். அரசி வெறுத்த அதே செய்தியில் அரசி பட்டம் கொடுத்த அச்சகக்காரியின் பெயர்!

வெற்றிலைக்காம்பு

இதெல்லாம் எங்கோ லண்டன் கதை என்று தமிழ் வாசகர் நினைக்க வேண்டியதில்லை என்பதையும் எழுதியவரிடம் சொல்லலாம். 1869 இந்திய விவாகரத்துச் சட்டம் அந்த 1857 சட்டத்தின் பிள்ளை. கணவனுக்குக் கள்ள உறவு மட்டும் போதும், மனைவிக்குக் கூடுதலாக ஒன்று வேண்டும் என்ற அதே ஏற்றத்தாழ்வு அதன் 10-ஆம் பிரிவில் இருந்தது; மனைவியோடு உறவு கொண்டவனிடம் கணவன் நஷ்ட ஈடு கேட்கலாம் என்பது 34-ஆம் பிரிவில். இங்கிலாந்து 1923-லேயே கைவிட்டதை நம் ஊர்க் கிறிஸ்தவப் பெண்கள் 2001 திருத்தம் வரை சுமந்தார்கள். பாளையங்கோட்டையிலோ நாகர்கோவிலிலோ 1990-ல் ஒரு பெண் போட்டிருக்கக்கூடிய மனுவுக்கும் 1862 லண்டன் மனுவுக்கும் சட்டக் காரணங்கள் ஏறத்தாழ ஒன்றுதான். தமிழில் இந்த நாவலை எழுத அதுவே ஒரு நியாயம்.

தாள்புரட்டி

அவரிடம் இந்த இழையை அப்படியே கொடுத்துவிடுகிறேன். கடைசியாக ஒன்று: அசல் வழக்கு ஆவணங்களை அவர் பார்க்க வழி உண்டா?

கறுப்பங்கி

உண்டு. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஜே 77 என்ற வரிசை, 1858 முதலான விவாகரத்துக் கோப்புகள். மனு, பதில் மனு, பிரமாணப் பத்திரங்கள் இருக்கும். சாட்சிகள் கோர்ட்டில் சொன்னதற்கு அந்தக் காலப் பத்திரிகைகளைத்தான் நம்ப வேண்டும். மனுக்களைப் படிக்கும்போது தேதியும் இடமும் குறித்துவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இன்ன நாள், இன்ன விடுதி, இன்ன ஆள் என்றுதான் குற்றச்சாட்டு பத்தி பத்தியாகப் போகும். எந்த உணர்ச்சியும் இருக்காது. அந்த நடையிலேயே ஓர் அத்தியாயம் எழுதினால் தேவலை.

துறைமுகக் காட்சியை வைத்துக்கொள்ளட்டும். கப்பலில் குழந்தைகள் இருக்கக்கூடாது, கரையில் தோழியும் இருக்கக்கூடாது.